டெல்லியில் சமூகவியல் எம்.ஏ.: வழி சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் எம்.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1959-ல் உருவாக்கிய துறை அது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி சாதியையும் வர்க்கத்தையும் ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய் பல ஆண்டுகள் பாடம் நடத்தியதும் அங்கேதான். அந்த ஆய்வைப் பற்றி அவளுடைய ஆசிரியர் சொல்லக் கேட்டதிலிருந்து வேறு படிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கியூட் பி.ஜி. என்ற முதுகலை நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிறாள். ஆனால் இளங்கலையில் படித்தது வரலாறு, அதுவும் தமிழ்வழியில். வெபர், துர்கைம் போன்ற சமூகவியல் முன்னோடிகள் எழுதியதை எல்லாம் ஆங்கிலத்தில் வாரந்தோறும் வாசித்துக் கட்டுரை எழுதுவது எப்படி என்பதுதான் பெரிய கவலை. தமிழ்வழியில் படித்து அங்கே சேர்ந்தவர்கள் இருக்கிறீர்களா? முதல் பருவத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? இப்போதே எதை வாசிக்கத் தொடங்கலாம்?

அப்புறம், விடுதி கிடைக்காவிட்டால் வடக்கு வளாகம் பக்கம் பெண்கள் தங்க எந்தப் பகுதி நல்லது, வாடகை எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.