கோட் மாறாமலே சிஐ சிவப்பானால்: கன்டெய்னர் இமேஜை டைஜெஸ்டில் கட்டுவது

கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் சிஐ (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) நேற்று பச்சை, இன்று சிவப்பு. முதலில் சிஐ கோப்பில் உள்ள இமேஜ் வரியைப் பாருங்கள்; ஜாப் எந்தக் கன்டெய்னர் இமேஜில் (கருவிகளோடு பொதிந்த சூழல்) ஓடுகிறது என்று சொல்வது அதுதான். 'பைத்தான்:3.12-ஸ்லிம்' என்பது நகரும் டேக்: பெயர் அதே, அது காட்டும் இமேஜ் மாறும். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்த பிறகு அது புக்வார்மிலிருந்து (டெபியன் 12) டிரிக்ஸிக்குப் (டெபியன் 13) போய்விட்டது. அதே ஜாபில் ஆப்ட்-கெட் வழியாக ஜிசிசி (சி கம்பைலர்) போட்டால் 12க்குப் பதில் 14 இறங்கும். பழைய சி எக்ஸ்டென்ஷன்களில் இதுவரை வார்னிங்கோடு தப்பித்த இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் (அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது), 14-ல் எரர். பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

டேக்கில் 'புக்வார்ம்' சேர்ப்பது பாதிக் காப்புதான். இமேஜை மறுபடி பில்ட் செய்யும்போதெல்லாம் அதுவும் நகரும். நகராதது டைஜெஸ்ட் (இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை) ஒன்றே: 'ஷா256:', அதன்பின் 64 ஹெக்ஸ் எழுத்துகள். அதை இமேஜ் வரியில் எழுதிப் பூட்டுவதுதான் இங்கே 'கட்டுவது'. அதைச் சறுக்காமல் செய்வது எப்படி? மூன்று பதில்கள்.

பதில் 1
எந்த டைஜெஸ்ட் என்பதில்தான் சறுக்கல். 'டாக்கர் இமேஜஸ்' காட்டும் இமேஜ் ஐடியை நம்பி ஒட்டாதீர்கள். 'டாக்கர் பில்டெக்ஸ் இமேஜ்டூல்ஸ் இன்ஸ்பெக்ட்' கொடுத்து, மேலே 'டைஜெஸ்ட்' என்று வரும் வரியை எடுங்கள். அது எல்லா பிளாட்ஃபார்முக்கும் பொதுவான இன்டெக்ஸ். கீழே உள்ள ஆர்ம்64 வரியை ஒட்டினால் புது மேக்கில் ஓடும், ஏஎம்டி64 ரன்னரில் (ஜாபை ஓட்டும் மெஷின்) 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வரும்.

டேக்கை அழிக்க வேண்டாம். இரண்டும் இருந்தால் டாக்கர் டைஜெஸ்டைத்தான் இழுக்கும். ஆனால் வெறும் 64 எழுத்தைப் பார்த்து ரிவ்யூ செய்பவருக்கு என்ன புரியும்?

பதில் 2
இமேஜைக் கட்டிவிட்டு, ஜாபுக்குள் பதிப்பு எண் இல்லாமல் 'பிப் இன்ஸ்டால் ரஃப்' போடுவது வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்த கதை. ரஃப் ஒரு லின்டர் (கோடைச் சரிபார்க்கும் கருவி); அதன் புதுப் பதிப்பு வந்த அன்றே செக் விழும். கருவிகளை எல்லாம் பதிப்பு எண்ணோடு சொந்த சிஐ இமேஜுக்குள் போட்டு, அந்த இமேஜின் டைஜெஸ்டைக் கட்டுங்கள். பிப்புக்கு, ஹாஷ் பொருந்தாத பேக்கேஜை மறுக்கும் 'ரிக்வயர்-ஹாஷஸ்' இருக்கிறது.

பதில் 3
சொந்த இமேஜ் என்றால் ரெஜிஸ்ட்ரியின் (இமேஜ்களைச் சேமிக்கும் இடம்) க்ளீனப் விதியையும் பாருங்கள். 'லேட்டஸ்ட்' புது பில்டுக்கு நகர்ந்ததும் பழையது டேக் இல்லாத அனாதை. க்ளீனப் அதைத் துடைத்தால் பழைய பிராஞ்சில் 'மேனிஃபெஸ்ட் அன்னோன்' எரர், அதாவது அந்த இமேஜே கிடைக்காது. ஒவ்வொரு பில்டுக்கும் தேதி போட்ட டேக் ஒன்று கூடவே கொடுத்து, அந்த டேக்குகளை க்ளீனப்பிலிருந்து விலக்கிவையுங்கள்.

கட்டிய இமேஜுக்குச் செக்யூரிட்டி பேட்ச் தானாக வராது என்பதும் உண்டு. ரெனவேட்டில் (டிபென்டன்சிகளைப் புதுப்பிக்கும் பாட்) 'பின்டைஜெஸ்ட்ஸ்' போட்டால் புது டைஜெஸ்ட் தனி பிஆராக (புல் ரிக்வெஸ்ட்) வரும். சிவப்பானாலும் அந்த பிஆரில்தான் சிவப்பாகும், மற்றவர்கள் வேலை நிற்காது.