தெர்மாகோலைச் சூடான கம்பியால் வெட்டுபவர்கள் உதவுங்களேன்

வணக்கம். கொலுவுக்காகத் தெர்மாகோலில் மூன்றடிக் கோபுரம் செய்துகொண்டிருக்கிறேன். கத்தியால் அறுத்தால் வெள்ளை மணிகள் உதிர்ந்து வீடெங்கும் பறக்கின்றன. துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு பெருக்கவும் விடுவதில்லை. அதனால் பேட்டரியில் இணைத்த, மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் நிக்ரோம் கம்பிக்கு மாறினேன். வழவழவென்று அழகாக வெட்டுகிறது. ஆனால் கம்பி சிவந்துவிட்டால் புகை கிளம்பி, நெடி தொண்டையிலேயே நிற்கிறது. நேற்று அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது.

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான். அது 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். மிகையாகச் சூடேறினால் ஸ்டைரீன் ஆவி வரும். அந்த ஸ்டைரீனைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. படித்ததிலிருந்து கம்பியைத் தொடவே தயக்கமாக இருக்கிறது.

மொட்டை மாடியில் காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதுமா? துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது என்பதால் கரி வடிகட்டி பொருத்திய கவசம் வாங்க நினைக்கிறேன். எந்த வகை நல்லது? கம்பி சிவக்காமலே வெட்டும் அளவுக்குச் சூட்டைக் குறைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறாள். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை என் கணவரே சொல்லிவிட்டார்.