கியூபேசில் தவில் கனமாகக் கேட்பது நிஜமா, பிரமையா?

திருவையாற்று ரசிகன்:
கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் மூன்று மைக் வைத்து மேளம் பதிவு செய்தேன். நாகஸ்வரம் நடுவில், தவிலின் ஒரு முகமான வலந்தலை ஓர் ஓரம், மறுமுகமான தொப்பி மறு ஓரம். அதே தடங்களை ரீப்பர், கியூபேஸ் என்ற இரண்டு ஒலிப்பதிவு மென்பொருள்களிலும் ஏற்றி, ஒலியளவு ஃபேடர்களை 0-இல் வைத்துக் கலந்தேன். கியூபேசில் தொப்பி கனமாக விழுகிறது, நாகஸ்வரம் அடங்கி உட்காருகிறது. மென்பொருளுக்கும் ஒரு குரல் உண்டு என்பதே என் கட்சி.

குடந்தை ஒலிக்காரன்:
குரலாவது, சாரீரமாவது! உள்ளே நடப்பது வெறும் கூட்டல் ஐயா. 32 அல்லது 64 பிட் மிதவைப் புள்ளியில் கூட்டும்போது வரும் பிசகு எந்தக் காதுக்கும் எட்டாது. நீங்கள் கேட்டது பான் லா, அதாவது தடத்தை நடுவிலோ ஓரத்திலோ வைக்கும்போது அதன் ஒலியளவை எப்படி மாற்றுவது என்ற விதி. கியூபேசின் வழக்கமான அமைப்பில், நடுவில் வைத்த மோனோ தடம் 3 டெசிபல் இறங்கும். ஓரத்துக்குத் தள்ளியது இறங்காது. ரீப்பரில் வழக்கமாக 0, நடுத்தடம் அப்படியே நிற்கும். நாகஸ்வரம் 3 டெசிபல் இறங்கினால் தொப்பி கனக்காமல் என்ன செய்யும்?

இரண்டிலும் பான் லாவை ஒன்றாக்குங்கள். டிதரை (பிட் குறைக்கும்போது சேர்க்கும் நுண்ணிரைச்சலை) அணைத்து, 24 பிட்டில் வெளியே எடுங்கள். இரண்டு கோப்புகளையும் ஒரு சாம்பிள்கூடப் பிசகாமல் அடுக்கி, ஒன்றின் துருவத்தைத் திருப்பிப் போடுங்கள்: மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், ஒரே ஒலி என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது நிசப்தம் என்றால் வழக்கு முடிந்தது.

திருவையாற்று ரசிகன்:
தம்பி, சுருதி மயிரிழை விலகினாலும் முகம் சுளிக்கிற ஊர் இது. மீட்டர் முள்ளைக் காட்டி எங்களை நம்ப வைக்க முடியாது. ஏ, பி என்ற இரண்டு பதிவுகளையும் கேட்டு, மறைவாக ஒலிக்கும் எக்ஸ் அவற்றில் எது என்று காதால் சோதிப்பதாகச் சொல்கிற ஏபிஎக்ஸ் சோதனையும் அப்படித்தான்: நான்கு விநாடித் துண்டைத் தட்டித் தட்டிக் கேட்டால் தோடி ஆலாபனையின் நிறம் எங்கே தெரியும்?

குடந்தை ஒலிக்காரன்:
நான்கு விநாடி என்று யார் சொன்னது? ஏபிஎக்ஸில் கால வரம்பு கிடையாது. முழு ஆலாபனையையும் வீட்டில், உங்கள் ஒலிபெருக்கியில், நாள்கணக்கில் கேளுங்கள். எக்ஸ் என்பது ஏயா பியா என்று மட்டும் சொன்னால் போதும். 16 முறையில் 12 சரியாக வந்தால் நான் ஒப்புக்கொள்கிறேன். குருட்டு அதிர்ஷ்டத்தில் அது வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒலியளவை மட்டும் முதலில் சமன் செய்யுங்கள். அரை டெசிபல் கூடினாலே 'தெளிவாக இருக்கிறது' என்று காது தீர்ப்பு எழுதிவிடும்.

மன்னார்குடி மாணவி:
நடன ஒத்திகைக்காகச் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்தால், ஒரு மென்பொருளில் ஜதி துல்லியமாகக் கேட்கிறது; இன்னொன்றில் தவில் அடி ஒவ்வொன்றும் ஈரத்துணியில் அடித்தது போல் இழுக்கிறது. இதுவும் பிரமையா சார்?

குடந்தை ஒலிக்காரன்:
இல்லை அம்மா, அது நிஜம். காலத்தை நீட்டுவதற்கு ஒவ்வொன்றும் வேறு வழியைக் கையாள்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வீதத்தில் எடுத்த பதிவை 44.1-க்கு மாற்றும்போதும் சில மென்பொருள்கள் சொதப்பியதுண்டு. நான் மறுப்பது வெறும் கலவையில் 'குரல்' இருக்கிறது என்பதை மட்டுமே.

திருவையாற்று ரசிகன்:
பான் லாவை ஒன்றாக்கிவிட்டேன். தொப்பி இறங்கியது உண்மைதான். ஆனாலும் துருவம் திருப்பிய பிறகு நிசப்தம் வரவில்லை, மண்டபத்துக் காற்றுப் போல ஏதோ ஓடுகிறது!

குடந்தை ஒலிக்காரன்:
ரீவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி, போட்டிருக்கிறீர்களா?

திருவையாற்று ரசிகன்:
போடாமல்? அந்தந்த மென்பொருளோடு வந்ததையே போட்டேன். கேட்பவர்களுக்கு ரீவெர்ப் இல்லாத மேளத்தை எப்படி அனுப்புவது?

குடந்தை ஒலிக்காரன்:
தாராளமாகப் போட்டு அனுப்புங்கள். ஆனால் இரண்டு வேறு ரீவெர்புகளை ஒப்பிட்டுவிட்டு மென்பொருளின் மேல் பழி போடாதீர்கள். சில ரீவெர்புகள் ஒவ்வொரு முறையும் தற்போக்காக அசையும். ரீப்பரிலேயே இரண்டு தடவை எடுத்தாலும் ஒன்றையொன்று அழிக்காது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்து இங்கே ஏற்றுங்கள்.

திருவையாற்று ரசிகன்:
ஏற்றுகிறேன். ஏபிஎக்ஸுக்கும் உட்காருகிறேன், ஆனால் ரீவெர்போடுதான்.