வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்: பின்னிழையா, புரிநரம்பா, தங்கூசியா?

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம். ஐரோப்பிய ஆறுகளில் பெருங்கெளுத்தி மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை பதிப்பகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். அதன் மூன்றாம் இயல் முழுவதும் ‘பிரெய்டட் லைன்’ என்னும் பொருளைத் தேர்ந்தெடுப்பதையும் சோதிப்பதையும் பற்றியது. அச்சொல் மட்டும் நாற்பத்தோரு இடங்களில் வருகிறது. ஒற்றை இழையாக வார்த்தெடுக்கும் நைலானுக்கும், மிக நுண்ணிய பாலிஎத்திலீன் இழைகளை நான்கு கற்றைகளாகவோ எட்டுக் கற்றைகளாகவோ சேர்த்துப் பின்னிய இதற்கும் ஒரே சொல்லை இட்டால் இயலே குழம்பிவிடும். நைலான் அறுவதற்கு முன் நன்றாக நீண்டு கொடுக்கும். பின்னியதோ நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் நீளாது. நைலான் மெல்ல அமிழும்; பின்னியதன் அடர்த்தி 0.97 என்பதால் அது நீரில் மிதக்கும். எப்ரோ, போ ஆகிய ஆறுகளில் இரண்டு மீட்டரைத் தாண்டிய கெளுத்திகள் உண்டு என்பதால், அவற்றின் இழுப்பைத் தாங்குவதற்கு இதைத்தான் நூலாசிரியர் பரிந்துரைக்கிறார். என் கைவசம் உள்ள சொல் ‘பின்னிழை’. குறையிருந்தால் சொல்லுங்கள்.

குன்னூர், தமிழாசிரியர்:

நல்ல சொல், வினைத்தொகை. பின்னிய இழை, பின்னுகின்ற இழை, பின்னும் இழை என முக்காலத்துக்கும் பொருந்துகிறது. ‘பின்னு’ என்பதன் ஈறு முற்றியலுகரமாயிற்றே, அது எப்படிக் கெடும் என்று எவரேனும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நன்னூலார் ‘முற்றும் அற்று ஒரோவழி’ (முற்றியலுகரமும் சில இடங்களில் அவ்வாறே கெடும்) என்று இடம் கொடுத்திருக்கிறார்.

உதகை, தூண்டில்காரர்:

ஐயா, இலக்கணம் இடம் கொடுக்கலாம், தூண்டில் இடம் கொடுக்காது. இந்தப் பின்னலை வெறும் சுருளில் (இழை சுற்றும் உருளையில்) நேராகச் சுற்றினால், அதன் வழவழப்பினால் மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் அச்சின்மேல் வழுக்கிச் சுழலும். ஆகவே அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் நைலானைச் சுற்றிவிட்டு, அதன் நுனியில்தான் இதைக் கட்டுவோம். தூண்டில் முள்ளின் பக்கத்திலும் ஒரு மீட்டர் தடித்த நைலானைக் கட்ட வேண்டும். பின்னல் பாறையில் உரசினால் நார் நாராகப் பிரிந்துவிடும், கெளுத்தியின் வாயிலோ அரம் போலப் பொடிப்பற்கள் நிறைந்திருக்கும். முன்னால் கட்டுவது முன்னிழை என்றால், அடியில் சுற்றுவது பின்னிழை என்றுதானே யாரும் படிப்பார்கள்? நடுவில் இருக்கும் இதற்கும் அதே பெயரை வைத்தால், கையேட்டைப் பார்த்துக் கட்டுகிறவர் எதை எங்கே கட்டுவார்?

கோத்தகிரி:

ஒப்புக்கொள்கிறேன். பின்னிழையைக் கைவிடுகிறேன். இயலின் ஒன்பதாம் பக்கத்தில் இம்மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருவதை இப்போதுதான் கவனித்தேன்.

குன்னூர்:

அப்படியானால் ‘புரிநரம்பு’. பெரும்பாணாற்றுப்படை யாழின் நரம்பைப் ‘பொன்வார்ந் தன்ன புரியடங்கு நரம்பின்’ என்கிறது. இழைகள் புடைத்து நில்லாமல் அடங்கிய நரம்பு என்பது இவ்விடத்துக்கு எத்துணைப் பொருத்தம்! தூண்டில் நைலானை மக்கள் இன்றும் நரம்பு என்றுதான் சொல்கிறார்கள். பூப்பந்து மட்டைக்குக் கட்டுவதும் நரம்புதான். ஆகவே உடலின் நரம்போடு மயங்கும் என்ற அச்சம் வேண்டா.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற ஆலைப் பொறியாளர்:

முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் கழித்தவன் என்ற முறையில் இதை ஏற்க இயலவில்லை. புரி என்பது முறுக்கு. வலம்புரி, இடம்புரி, முப்புரிநூல் ஆகிய எல்லாவற்றிலும் முறுக்கே பொருள். முறுக்கிய நூலின் நுனியில் எடையைத் தொங்கவிட்டால் அது முறுக்கவிழும் திசையில் சுழலும். பின்னியதில் பாதிக் கற்றைகள் வலமாகவும் பாதி இடமாகவும் ஒன்றையொன்று கடந்து செல்வதால் சுழற்சிகள் ஈடுசெய்துகொள்ள, எடை அசையாமல் நிற்கும். போலிச் சரக்கைக் கண்டுபிடிக்க இதுவே எளிய சோதனை. வேறுபாடே முறுக்கு இன்மையில் இருக்கும்போது, முறுக்கு என்று பெயரிடுவது உப்பைச் சர்க்கரை என்பது போல. தலைப்பின்னலிலும் பாய்ப்பின்னலிலும் ‘கால்’ என்ற சொல் இருக்கிறதே; ‘நாற்கால் பின்னல்’, ‘எட்டுக்கால் பின்னல்’ என்றால் கற்றை எண்ணிக்கையும் சேர்ந்து வரும்.

உதகை:

எட்டுக்கால் என்றதும் என் மகள் சிலந்தியா என்று கேட்டாள்.

கூடலூர், ஆசிரியப் பயிற்சியாளர்:

எங்கள் குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தது. அப்பத்தா தூண்டில் நைலானை வேறு எப்படியும் சொல்லிக் கேட்டதில்லை, அது தங்கூசிதான். இராமநாதபுரம் பக்கத்து மீனவர் வாயிலும் அதையே கேட்டிருக்கிறேன். மக்கள் வாயில் இருக்கும் சொல்லோடு ஓர் அடை சேர்த்துப் ‘பின்னல் தங்கூசி’ என்று முடித்துவிடலாம்.

குன்னூர்:

தங்கூசி தமிழன்று. மலாய் மொழியில் தூண்டில் இழைக்குத் ‘தாங்சி’ என்றொரு சொல் இருக்கிறது. கடல் கடந்து வந்த சொல்லாகவே எனக்குத் தோன்றுகிறது. ‘தங்கு ஊசி’ என்று பிரித்துப் பொருள் காண்பது வேடிக்கை.

கூடலூர்:

ஐயா, தராசும் பாரசீகத்திலிருந்து வந்ததுதானே? நாம் இலை எடை போடுவதை நிறுத்திவிட்டோமா?

உதகை:

தராசு என்றதும் நினைவு வந்தது. சென்ற ஞாயிறு வீட்டுத் திண்ணையில், தேயிலை மூட்டை நிறுக்கும் தொங்குதராசில் இதைச் சோதித்தேன். அட்டையில் 0.40 மில்லிமீட்டர், 36 கிலோ என்று அச்சிட்டிருந்தது. ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு முனையை வழவழப்பான மூங்கில்மேல் எட்டுச் சுற்றுச் சுற்றி (அங்கே முடிச்சுப் போட்டால் சோதிப்பது முடிச்சைத்தான்), மறுமுனையைத் தராசுக் கொக்கியில் பாலோமர் முடிச்சால் (இழையை இரட்டையாக மடித்துப் போடுவது) கட்டிச் சீராக இழுத்தேன். ஐந்து முறையும் முடிச்சில்தான் போயிற்று. மிகக் குறைந்தது 22 கிலோ. சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது, மீன் குறைந்த எண்ணைத்தான் தேடிப் பிடிக்கும். உலர்ந்த முடிச்சை வெடுக்கென்று இறுக்கியபோது இன்னும் மோசம்: இந்த இழை 150 டிகிரிக்குள்ளேயே உருகுவது, உரசலின் சூடே அதைக் கெடுத்துவிடும். எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். பிறகு ஆற்றுக் கல்லில் இருபது முறை தேய்த்துவிட்டு இழுத்ததில் பாதி வலிமைகூட நிற்கவில்லை. ஆகையால் என் வேண்டுகோள் ஒன்றுதான்: படிப்பவருக்கு இது பின்னல் என்பது முதல் அசையிலேயே தெரிய வேண்டும். பின்னல் என்று தெரிந்தால் உரசும், வழுக்கும், பிரியும் என்று கை தானாக எச்சரிக்கை கொள்ளும். நரம்பு என்று மட்டும் கேட்டவர் நைலான் முடிச்சையே போட்டு மீனை விடுவார்.

கோத்தகிரி:

இச்சோதனையைப் படித்தபின் என் மனம் ‘பின்னல் நரம்பு’ என்பதில் நிற்கிறது. பின்னல் என்பது செய்முறையைச் சொல்கிறது. நரம்பு என்பது கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சொல். நைலானை ‘ஒற்றை நரம்பு’ எனலாம்.

குன்னூர்:

சேர்த்து எழுதினால் லகரமும் நகரமும் புணர்ந்து ‘பின்னனரம்பு’ என்றாகும் என்பதை நினைவில் கொள்ளவும். தோன்றல் நல்லன் ‘தோன்றனல்லன்’ ஆவதைப் போல.

கூடலூர்:

அப்படி அச்சிட்டால் மீன் மட்டுமல்ல, வாசகரும் தப்பித்துவிடுவார்.

கொடைக்கானல்:

இடைவெளி விட்டே எழுதலாம். ஆனால் எட்டுக் கற்றை, நான்கு கற்றை என்பதை எப்படிக் குறிப்பீர்கள்? ‘கால்’ வேண்டாம் என்றால் மாற்று வேண்டும். இது வெறும் அலங்காரமன்று: ஒரே தடிமனில் எட்டுக் கற்றைப் பின்னல் உருண்டையாக, வழவழப்பாகத் தூண்டில் கோலின் வளையங்களினூடே ஓசையின்றி ஓடும்; நான்கு கற்றைப் பின்னல் சற்றுச் சொரசொரப்பாக இருந்தாலும், அதன் ஒவ்வொரு கற்றையும் தடித்திருப்பதால் உரசலைக் கூடுதலாகத் தாங்கும்.

கோத்தகிரி:

‘எண்கற்றைப் பின்னல் நரம்பு’, ‘நாற்கற்றைப் பின்னல் நரம்பு’ என்று இட்டுவிட்டேன். நீளம்தான், ஆனால் இயலில் ஆறு இடங்களில் மட்டுமே வருகிறது. உதகை, கொடைக்கானல் நண்பர்கள் இசைந்திருக்கிறார்கள். கூடலூர் நண்பருக்காக, முதன்முறை வரும் இடத்தில் ‘கடலோரத்தில் தங்கூசி எனப்படும் ஒற்றை நரம்புக்கு மாறானது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கோப்பை இன்றிரவு அனுப்பிவிடுவேன்.

குன்னூர்:

அனுப்புங்கள். புரிநரம்பை நான் திரும்பப் பெறவில்லை என்பதை மட்டும் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்குக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை யாழ் செய்தவன் அறியாதவனல்லன். இதற்கான சான்றுகளோடு அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.