அம்மாவுக்கு சிஆர்டி பேஸ்மேக்கர்: வீட்டுப் பெண்களுக்கு வைத்தவர்கள் சொல்லுங்கள்

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, இதயம் பலவீனம். ஈசிஜியில் இடது பக்க மின்பாதை அடைப்பு, கியூஆர்எஸ், அதாவது கீழறைகளில் மின்துடிப்பு பரவ ஆகும் நேரம், 142 மில்லிசெகண்ட். இரண்டு கீழறைகளையும் சேர்ந்து துடிக்க வைக்கும் சிஆர்டி கருவி வைக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். 150-ஐத் தாண்டவில்லை, பலன் சந்தேகம் என்கிறார் இன்னொருவர்.

2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் மூன்று பெரிய சோதனைகளைச் சேர்த்து அலசியிருக்கிறார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் பெண்கள் 22 சதவீதம்தான். ஆனாலும் இதே அடைப்போடு 130 முதல் 149 வரை இருந்த பெண்களுக்கு நல்ல பலன் தெரிந்தது, ஆண்களுக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் ஆண்களை வைத்துப் போட்ட கோடு அம்மாவைத் தள்ளிவிடக் கூடாதே என்பதுதான் என் தவிப்பு.

பயமும் இருக்கிறது. கருவி பொருத்தும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது, ஒயர் இதயச் சுவரைத் துளைப்பது போன்ற சிக்கல்கள் பெண்களுக்குத்தான் அதிகமாம். அம்மா வெறும் 42 கிலோ.

உங்கள் அம்மா, அக்கா யாருக்காவது 150-க்குக் கீழே இருந்தும் வைத்தார்களா? மூச்சு வாங்குவது எத்தனை மாதத்தில் குறைந்தது? வைத்த இடத்தில் ரவிக்கை உரசி வலிக்கிறதா? அப்புறம், அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி வராது. சயான், செம்பூர் பக்கம் தமிழில் பொறுமையாக விளக்கும் இதய மின்னியல் டாக்டர் இருந்தால் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.