ஒரு டயர் வெடித்தது, மற்ற மூன்றையும் மாற்ற வேண்டுமா?

தூங்குமூஞ்சி:
செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கிக்கொள்கிற வகை. இரண்டு அச்சு, நான்கு சக்கரம். தகட்டில் மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது. போன வாரம் இடது பின் டயர் போய்விட்டது. வெடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிய பிறகுதான் ஓரம் கட்டினேன். டயரின் பட்டன், அதாவது தரையில் படுகிற மேல் ரப்பர், மொத்தமும் பட்டையாக உரிந்து, மட்கார்டைக் கிழித்து, அடியில் ஓடும் ஒயரையும் பிய்த்திருந்தது. டயரைவிட அந்த வேலைதான் பெரிசு.

மற்ற மூன்றும் புதுசு மாதிரியே இருக்கின்றன. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரப்பர் முள்கூட அங்கங்கே அப்படியே நிற்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? அளவு எஸ்டி (டிரெய்லருக்கென்றே செய்த டயர்) 205/75ஆர்14, லோடு ரேஞ்ச், அதாவது பாரம் தாங்கும் தரம், சி. கடையில் கார் டயரே போடலாம் என்றும் சொல்கிறார்கள்.

பழைய கிளீனர்:
டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வெளிப்பக்கம் முழுசாக இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும், படுத்துத்தான் பார்க்கணும். ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் முள்ளை நம்பாதீர்கள்.

இன்னொன்று. பின் டயர் போனதும் அதே பக்கத்து முன் டயர்தான் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்து ஓடியிருக்கிறது. அதை எப்படியும் கழற்றிவிடுங்கள்.

கார் டயர் வேண்டாம். அதை டிரெய்லரில் போட்டால், அதன்மேல் அச்சிட்ட பாரத்தை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்கணும். பக்கச் சுவரும் மெத்தென்று இருக்கும், வண்டி ஆடும்.

கணக்குப்பிள்ளை:
சி ரேஞ்சில் இந்த அளவு டயர் 50 பிஎஸ்ஐ காற்றில் 1,760 பவுண்டு தாங்கும். நான்குக்கு 7,040. உங்கள் வண்டி 7,000. இணைப்புக் கொக்கி கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சரி. ஆனால் சமையல் மேடை, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி மூன்றும் ஒரே பக்கம் இருந்தால்? எடை மேடையில் இடது சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, வலதை மட்டும் ஏற்றி ஒரு தடவை எடை போடுங்கள். பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரி எல்லாச் சாமானோடும்.

தூங்குமூஞ்சி:
போட்டேன். இடது 3,380, வலது 2,760! இடது பக்க டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது 3,520. மிச்சம் வெறும் 140 பவுண்டு. காற்று கொஞ்சம் இறங்கியிருந்தாலே அதுவும் போச்சு. தேதி 3817. படுத்துப் பார்த்ததில் சட்டை போனதுதான் மிச்சம்.

சி-க்கு அடுத்த தரமான டி ரேஞ்ச் வாங்கலாமா? பழையபடி 50 காற்றே வைக்கலாமா, ஓட்டம் மெத்தென்று இருக்குமே?

கணக்குப்பிள்ளை:
50 வைத்தால் டி டயரும் அதே 1,760-தான் தாங்கும், காசு வீண். 65 வைத்தால் 2,040. இடது பக்கம் 700 பவுண்டு மிச்சம் வரும். குளிர்ந்த டயரில் அளந்து வையுங்கள். சூடானபின் கூடுகிற காற்றை இறக்கிவிடாதீர்கள், அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

ரிம்மின் பின்பக்கம் அது எவ்வளவு காற்றும் பாரமும் தாங்கும் என்று குத்தியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வுக்கு 65-தான் எல்லை. நான் எப்போதும் உலோக வால்வுதான் போடச் சொல்வேன்.

பழைய கிளீனர்:
பிராண்டு கேட்டு அடுத்த கேள்வி வரும், தெரியும். குட்இயர் என்டியூரன்ஸ் போட்டு ஓட்டுகிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிகபட்ச வேகத்தைக் காட்டும் எழுத்து 'N', அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதற்காக அந்த வேகத்தில் டிரெய்லரை இழுக்காதீர்கள் சாமி. வேக எழுத்தே இல்லாத எஸ்டி டயர் என்றால் 105-தான் வழக்கமான வரம்பு. எதை வாங்கினாலும் தேதியைப் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். 80 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி முறுக்குங்கள்.

தூங்குமூஞ்சி:
நான்கும் டி ரேஞ்சில் மாற்றியாச்சு. ரிம்மில் 65-க்கு இடமிருந்தது, வால்வும் உலோகம். வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றியபோதுதான் ஸ்டெப்னி ஞாபகமே வந்தது. 3817.