ஓரிரு இடங்கள் என்றால் எந்த இடங்கள்?

வேளச்சேரி அத்தை: நாளைய வானிலை அறிக்கை ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. நம் மாவட்டத்திற்கு ஆரஞ்சு நிறம் கொடுத்து, ‘ஐசோலேட்டட்’ இடங்களில் ‘வெரி ஹெவி ரெயின்’ என்று போட்டிருக்கிறார்கள். ஐசோலேட்டட் என்று சொல்லிவிட்ட பிறகு நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்கிறார் இவர். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா அண்ணா?

பெரியப்பா: மாப்பிள்ளை அவசரப்படுகிறார். அந்தச் சொல் மழையின் பரப்பைக் குறிக்கிறதே தவிர அளவைக் குறிக்கவில்லை. ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை கிடைக்கும் என்றால் ஐசோலேட்டட், அதைத் தாண்டிப் பாதி வரை என்றால் ஸ்கேட்டர்டு, முக்கால் வரை ஃபேர்லி வைட்ஸ்பிரெட், அதற்கும் மேல் வைட்ஸ்பிரெட். வெரி ஹெவி என்பதோ 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை. ஆகவே நனையும் இடங்கள் குறைவாக இருக்கலாம். நனைகிற இடத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஓரிரு இடங்களில் வேளச்சேரி சேராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிரவீன்: ஸ்கேட்டர்டு என்றால் அங்கொன்றும் இங்கொன்றும் என்றுதானே பள்ளியில் சொல்லித் தந்தார்கள், பெரியப்பா? அது எப்படி ஐசோலேட்டட்டைவிடக் கூடுதல் ஆகும்?

பெரியப்பா: அகராதியை மூடி வை. தமிழ் அறிக்கையில் ஐசோலேட்டட்டை ‘ஓரிரு இடங்களில்’ என்றும் ஸ்கேட்டர்டை ‘ஒருசில இடங்களில்’ என்றும் எழுதுகிறார்கள். அதைப் படித்தாலே வரிசை விளங்கிவிடும். ‘லைக்லி’ என்ற சொல்லும் அப்படித்தான். பேச்சில் அது அநேகமாக நடக்கும் என்று ஒலிக்கிறது, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அட்டவணையிலோ அதற்கு 25 முதல் 50 விழுக்காடு வாய்ப்பு என்றே பொருள்.

தாம்பரம் சித்தி: கடலில் இருப்பது இன்னும் ‘டிப்ரஷன்’தான், ‘சைக்ளோன்’ ஆகவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அப்படியானால் மழையும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

பெரியப்பா: பலரும் ஏமாறுவது இங்கேதான். அந்தப் பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துச் சூட்டப்படுபவை. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே இருக்கும்வரை ‘லோ பிரஷர் ஏரியா’, அதைத் தொட்டால் டிப்ரஷன், 50ஐ ஒட்டி வந்தால் டீப் டிப்ரஷன், 62 ஆனால்தான் புயல். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கும் இந்தப் படிகளுக்கும் நேரான கணக்குக் கிடையாது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் உங்கள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயின. அன்று கடலில் புயல் எதுவும் இல்லை.

வேளச்சேரி மாமா: எல்லாம் சரி மச்சான். 2024 அக்டோபரில் சிவப்பு என்று கேட்டவுடன் எங்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்கள், 16ஆம் தேதி நகரில் எதிர்பார்த்த மழையே வரவில்லை. இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

பெரியப்பா: நிறம் நமக்குச் சொல்வது நாம் செய்ய வேண்டியதை, மாப்பிள்ளை. மஞ்சள் ‘வாட்ச்’, ஆரஞ்சு ‘அலர்ட்’, சிவப்பு ‘வார்னிங்’ என்பதே துறையின் வழக்கு. செய்திக்காரர்கள்தாம் மூன்றுக்கும் அலர்ட் என்று ஒட்டிவிட்டார்கள். முதலாவது அறிக்கைகளைக் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்கிறது, இரண்டாவது ஆயத்தமாகச் சொல்கிறது, மூன்றாவது செயலில் இறங்கச் சொல்கிறது. காரை மேலே ஏற்றியவர்கள் சொன்னதைக் கேட்டு நடந்தார்கள். மழை விலகிப் போனதற்காக அவர்களைக் கேலி செய்தது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

வேளச்சேரி அத்தை: ஆரஞ்சு என்றால் ஆயத்தம். அப்படியானால் தரைக்கடியில் நிற்கும் வண்டியை இன்றிரவே எடுத்துவிடச் சொல்கிறேன். உங்கள் தெரு மேடுதானே அண்ணா, வாசலில் இடம் இருக்கிறதா?

பெரியப்பா: இருக்கிறது. எட்டு மணிக்குள் வரச் சொல், அதற்குப் பிறகு எதிர் வீட்டுக்காரர் நிறுத்திவிடுவார்.